அலுமாரிக்குள் ஓர் உதைபந்தாட்ட வரலாறு

(ஒலுவிலில் விளையாட்டுக் கழக உறுப்பினர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

 

1933ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஓர் உதைபந்தாட்ட அணி இலங்கைக்கு வந்து ஆடியது. அணித் தலைவர் கோஷ்ட பால், கொல்கத்தாக்காரர், பின்கள வீரர். வெறுங்காலோடு பூட் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை மறித்து நின்றவர். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது அவ்வளவு கடினம் என்பதால் வங்காளிகள் அவரைச் சீனப் பெருஞ்சுவர் என்றே அழைத்தார்கள். 1962இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தியாவில் அந்த விருதைப் பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் அவர்தான். இன்று கொல்கத்தாவில் அவருக்குச் சிலை இருக்கிறது, அவர் முகம் பதித்த தபால் முத்திரையும் வந்திருக்கிறது.

அவருடைய பதக்கங்களையும் நினைவுப் பொருட்களையும் குடும்பத்தார் அருங்காட்சியகம் அமைப்பதற்காக அவர் ஆடிய கழகத்திடமே ஒப்படைத்தார்கள். பல ஆண்டுகள் கழிந்தன. 2019இல் அந்தக் குடும்பம் பத்திரிகைகளுக்கு முன்னால் வந்து நின்றது. பொருட்கள் பழுதடைந்து திரும்பி வந்திருக்கின்றன, பத்மஸ்ரீ பதக்கத்தைக் காணவில்லை என்று முறையிட்டார்கள். கழகம் தகப்பனாருக்கு அளித்திருந்த உயரிய விருதையே மகன் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிலை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, அவர் கையால் வாங்கிய பதக்கம் இல்லை. ஒரு நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கியவருடைய பொருட்களுக்கே இந்த நிலை. அப்படியானால் கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் ஆடிய நம் வாப்பாமாரின் பொருட்கள் எங்கே இருக்கின்றன? இந்தக் கேள்வியோடுதான் நான் பழைய படங்களையும் கூட்டறிக்கைப் புத்தகங்களையும் தேடிக்கொண்டு இந்தக் கரையோர ஊர்களில் அலைகிறேன். இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

அதே கொல்கத்தாவில் இதற்கு நேர்மாறான இன்னொரு கதை உண்டு. அதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். நம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்பட வேண்டிய கதை அது.

முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891இல் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் அது கீழ்ப் பிரிவிலேயே கிடந்தது. 1934இல் முதற்பிரிவுக்கு ஏறிய கையோடு கல்கத்தா லீக் கிண்ணத்தை வென்றது. அதுவரை பிரித்தானிய அணிகளைத் தவிர வேறு யாரும் அந்த லீக்கை வென்றதில்லை. அதற்குப் பிறகும் விடவில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தக் கிண்ணம் அவர்களிடமே இருந்தது. 1940இல் டுராண்ட் கிண்ணத்தையும் வென்றார்கள். பட்டாளத்து அணிகள் மட்டுமே வைத்திருந்த அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். இடையில் பல தாழ்வுகளைக் கண்டு, 2024இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் தொழில்முறைப் போட்டியில் மறுபடியும் முதல் வரிசைக்கு வந்திருக்கிறது.

அந்த வெற்றி அணியில் ஆடியவர் முகம்மது சலீம். மெட்டியாபுரூஸ் என்ற ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வந்தவர். 1936இல் உறவினர் ஒருவரோடு கப்பலேறி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனார். அங்கே செல்டிக் என்ற பெரிய கழகம். அதுவும் முகம்மதன் கழகத்தைப் போல ஒரு சிறுபான்மைச் சமூகத்திலிருந்து பிறந்ததுதான். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஏழை ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்ப்பதற்காக ஒரு கத்தோலிக்கச் சகோதரர் தொடங்கிய கழகம் அது. பூட் போடாத ஆள் ஒருவர் ஆட வந்திருக்கிறார் என்றதும் செல்டிக் நிர்வாகத்தார் திகைத்தார்கள். ஆனாலும் பரீட்சித்துப் பார்க்க இடம் கொடுத்தார்கள். காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு சலீம் இரண்டு போட்டிகள் ஆடினார், இரண்டிலும் செல்டிக் பெரிய வித்தியாசத்தில் வென்றது. இருக்கச் சொல்லிக் கேட்டும் இருக்காமல் ஊர் நினைவு தாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

அந்த நாட்களில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. சலீம் உட்கார்ந்திருக்கிறார். கழகத்தின் பயிற்றுநர் ஜிம்மி மெக்மெனமி, தன் காலத்தில் ஸ்கொட்லாந்தின் பெயர்பெற்ற வீரர், குனிந்து அவருடைய காலில் பட்டி சுற்றிக்கொண்டிருக்கிறார். 1936இல் ஆண்டவன் யார், ஆளப்பட்டவன் யார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். ஒரு புத்தகம் சொல்ல வேண்டியதை அந்த ஒரு படம் சொல்கிறது.

சலீம் முதுமையில் நோய்வாய்ப்பட்டார். அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், தகப்பனாரை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. பதிலோடு நூறு பவுணுக்கு ஒரு வங்கி வரைவோலை வந்தது. மகன் அதை மாற்றவில்லை. தன் ஆயுள் உள்ளவரை அப்படியே வைத்திருப்பேன் என்றார். காசாக மாற்றியிருந்தால் சில வாரங்களில் கரைந்திருக்கும். மாற்றாமல் விட்டதால், ஒரு கழகம் தனக்காக இரண்டே ஆட்டம் ஆடிய மனிதனை மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது. அந்தக் கதை தெரியாதவன் கையில் கிடைத்தால் அது காலாவதியான ஒரு தாள்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு அணியின் வரலாறு கிண்ணத்தில் இல்லை. பொருளும் அதன் கதையும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான் அந்த வரலாறு இருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் ஒரு வீடு. ஆகவே சேகரிக்கிறவன் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து கதையை வீட்டிலேயே விட்டுவிட்டால் அவன் எதையும் சேகரிக்கவில்லை.

நம் ஊர்களுக்கு வருவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று இந்தக் கரை நெடுக உதைபந்தாட்டக் கழகம் இல்லாத ஊர் கிடையாது. பெருநாள் என்றால் சுற்றுப்போட்டி உண்டு. இவை சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருந்த தொழில்முறைக் கழகங்கள் இல்லை என்று சிலர் சொல்வார்கள். இலங்கையில் கொழும்பின் பெரிய கழகங்களே நீண்ட காலம் அப்படித்தான் இருந்தன. 1918இல் தொடங்கிய சோண்டர்ஸ் கழகம், கொம்பனித்தெருவின் ஜாவா லேன் கழகம் எல்லாம் தெருவின் ஆதரவில் வளர்ந்தவை. உதைபந்தாட்டத்தை நம்பி ஜீவனம் நடத்த நினைத்தவன் பொலிஸ் அணிக்கோ, தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகளுக்கோ போனான். அங்கே ஆடினால் உத்தியோகமும் உண்டு. ஆகவே தொழில்முறை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம்மை நாமே கழித்துவிட வேண்டாம்.

நம் வரலாறு எந்தெந்தப் பொருட்களில் ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் பலரும் கிண்ணத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. கடையில் வாங்கிய கிண்ணம் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். பொறித்த எழுத்து துருப்பிடித்துவிட்டால் அது எந்தப் போட்டியில் வென்றது என்பதே தெரியாது. என்னைக் கேட்டால் கூட்டறிக்கைப் புத்தகத்தைத்தான் முதலில் தேடுவேன். பள்ளிக்கூடத்துக் கொப்பி போன்ற நீள மட்டைப் புத்தகம். ஒரு பக்கத்தில் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையொப்பம், இன்னொரு பக்கத்தில் வரவு செலவு. ஒரு கழகத்தின் புத்தகத்தில் நான் பார்த்த வரிகளைச் சொல்கிறேன்: பந்து தைத்த கூலி, கோல் கம்பத்துக்குச் சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், ஐஸ் கட்டி, வெளியூர் அணியை ஏற்றி வந்த லொறிக்கு டீசல். அதற்குக் கீழே ஒரு வீரருக்குக் கால் முறிந்ததற்குப் பரியாரிக்குக் கொடுத்த பணம். அந்த ஒரு பக்கத்தை வாசித்தால் அந்தப் போட்டி நடந்த நாள் முழுவதும் கண்முன் எழும்பி நிற்கும். எந்தக் கிண்ணமும் அதைத் தராது.

இரண்டாவது, மலர்கள். ஆண்டு விழா, வெள்ளி விழா என்றால் நம் கழகங்கள் ஒரு மலர் வெளியிடாமல் விடுவதில்லை. வாழ்த்துச் செய்திகளைப் புரட்டித் தள்ளிவிட்டு விளம்பரப் பக்கங்களுக்குப் போங்கள். எந்தப் புடவைக் கடை, எந்த அரிசி ஆலை, எந்தச் சைக்கிள் கடை, எந்தக் கைத்தறிச் சாலை இந்தக் கழகத்துக்குக் கைகொடுத்தது என்பது அங்கேதான் பதிவாகியிருக்கிறது. நெல் அறுவடை நல்லபடி நடந்த போகத்தில் மலர் தடிப்பாக இருக்கும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் பக்கம் குறையும். உதைபந்தாட்டம் நம் வயல்களையும் தறிகளையும் நம்பி நின்றது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

மூன்றாவது, குழுப் படங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பின்வரிசையில் ஆறு பேர் நிற்கிறார்கள், முன்னால் ஐந்து பேர் முழங்காலிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் சாரமும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக இரண்டு பெரியவர்கள். நடுவில் முக்காலியில் பூ வேலைப்பாடு செய்த துணி விரித்து, அதன்மேல் கிண்ணம். தரையில் வார் கட்டிய தோல் பந்து, பந்தின் மேல் சுண்ணாம்பால் ஆண்டு எழுதியிருக்கிறது: 1973. கோடு போட்ட ஜேர்சி, ஆனால் இரண்டு பேருடைய கோடு மற்றவர்களுடையதைவிட அகலம். அந்த இரண்டும் வேறு தறியில் நெய்த துணி என்று எனக்குச் சொன்னவர் ஒரு நெசவுக்காரர், ஆட்டக்காரர் அல்ல. படத்தின் வலது கீழ் மூலையில் ஸ்டூடியோவின் அழுத்து முத்திரை. விரலால் தடவினால்தான் தெரியும்.

ஆண்டு இருக்கிறது, ஸ்டூடியோ இருக்கிறது. பதின்மூன்று முகங்களுக்கும் பெயர் இல்லை. பெயர் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த வேலையில் அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். தாள் இன்னும் இருபது வருடம் தாங்கும்.

பெயர் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. நாலு பெரியவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். மரியாதைக்காக மறுக்க மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போங்கள். படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து உருவங்களின் கோட்டை மட்டும் வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் இலக்கம் போடுங்கள். அந்தத் தாளின் பிரதியில் அவர் சொல்லும் பெயரை எழுதுங்கள். சொன்னவர் யார், எந்தத் திகதி என்பதையும் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது ஆள் வந்து, அந்தக் காலில் கட்டு போட்டிருப்பவன் என் மச்சான், அந்தக் காயம் எனக்குத் தெரியும் என்று சொல்லும் நாள் வரும்.

இன்னொன்று. நாம் எல்லோரும் ஆண்களிடம் மட்டுமே கேட்கிறோம். ஜேர்சியைத் தோய்த்தது யார்? கிழிந்ததைத் தைத்தது யார்? மாப்பிள்ளை மத்திய கிழக்குக்குப் போன பிறகு அவருடைய சான்றிதழ்களைப் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு அலுமாரியின் அடித்தட்டில் வைத்தது யார்? உம்மாமாரும் ராத்தாமாரும்தான். வீரரைக் கேட்டால், எல்லாம் போய்விட்டது தம்பி என்பார். உள்ளே இருந்து அவருடைய மனைவி, போகவில்லை, இருங்கள் எடுத்து வருகிறேன் என்று சொல்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆகவே இந்த வேலையில் இறங்கும் கழகங்கள் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உள்வீட்டுக்குள் போய்ப் பேசக்கூடியவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் வாசலில் இருக்கும் ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

2004 டிசம்பர் 26ஐப் பற்றிப் பேசாமல் இந்தக் கரையில் எந்த வரலாற்றையும் பேச முடியாது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலோர வளவுகள் ஒரு காலையில் இல்லாமல் போயின. உயிர்களுக்கு முன்னால் படத்தைப் பற்றிப் பேசுவது அன்றைக்குச் சரியாக இருந்திருக்காது. ஆனாலும் இன்றைக்குச் சொல்ல வேண்டும்: கடலோரத்தில் இருந்த வாசிகசாலைகள், கழகக் கட்டடங்கள், வீரர்களின் வீடுகள் ஆகியவற்றோடு ஒரு தலைமுறையின் உதைபந்தாட்ட ஆவணமும் அள்ளுண்டு போனது. அதற்கு முன்னர் யுத்த காலத்தின் இடம்பெயர்வுகளில் போனது வேறு.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பின்னர், சேற்றிலிருந்து பொறுக்கிய குடும்பப் படங்களைத் தொண்டர்கள் இலட்சக்கணக்கில் கழுவிக் காயவைத்து, ஸ்கேன் செய்து, உரியவர்களிடம் சேர்த்தார்கள். ஈரமான படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்துக் காயவைத்தால் பல படங்களைக் காப்பாற்றலாம். அப்படியே காயவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டியாகிவிடும். 2004இல் இது நமக்குத் தெரியாது. சொல்லித்தரவும் ஆள் இருக்கவில்லை. இப்போது தெரியும். வெள்ளம் வருகிற ஊர்களில் கழகத்துக்கு இரண்டு பேராவது இதைப் பழகி வைத்திருக்க வேண்டும்.

பொருளின் கதையை எழுதி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் ஒரு நீல ஜேர்சி. 1986 உலகக் கிண்ணக் காலிறுதி, ஜூன் 22, மெக்ஸிக்கோ நகரம், ஆர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். மரடோனா கையால் அடித்த கோலும், பாதி மைதானத்தைக் கடந்து அடித்த கோலும் அந்த ஒரே ஆட்டத்தில். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹொட்ஜ் அவரோடு ஜேர்சி மாற்றிக்கொண்டார். 2022இல் சொதபீஸ் நிறுவனம் அதை ஏலத்தில் விட்டபோது, இது முற்பாதியில் அணிந்தது, கோல் அடித்த பிற்பாதியில் அணிந்தது வேறு என்று மரடோனாவின் குடும்பத்திலிருந்து மறுப்பு வந்தது. பிரச்சினை எப்படித் தீர்க்கப்பட்டது? அந்த ஜேர்சிகள் ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான் அவசரமாக வாங்கப்பட்டவை. வெயிலுக்குத் தோதான மெல்லிய துணி வேண்டுமென்று பயிற்றுநர் கேட்க, மெக்ஸிக்கோ கடையொன்றில் வாங்கி, அவசரத்தில் சின்னம் தைத்து, மினுங்கும் வெள்ளி இலக்கங்களை ஒட்டினார்கள். கைவேலை என்பதால் எந்த இரண்டு ஜேர்சியும் ஒரே மாதிரி இருக்காது. பழைய படங்களில் தெரியும் நுணுக்கங்களைத் துணியோடு ஒப்பிட்டு, கோல் அடித்தபோது அணிந்தது இதுவே என்று நிறுவினார்கள். 71 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது.

விலையை விட்டுவிடுங்கள். ஒப்பிட்ட முறையைப் பாருங்கள். சற்று முன்னர் சொன்ன 1973ஆம் ஆண்டுப் படத்தில் அகலக் கோடு போட்ட இரண்டு ஜேர்சிகளைக் கண்டோமே, அதே முறைதான். அப்படியொரு துணி எந்த வீட்டிலாவது அகப்பட்டால் அது யாருடையது என்று நம்மாலும் நிறுவ முடியும்.

காசைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். உலகின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகம் இங்கிலாந்தின் ஷெபீல்ட் கழகம், 1857இல் தொடங்கியது. ஆட்டத்தின் விதிகளைக் கையால் எழுதி வைத்த தாள்கள் அவர்களிடம் இருந்தன. 2011இல் அவற்றையும் பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களையும் ஏலத்தில் விற்றார்கள். கிடைத்தது 8 இலட்சத்து 81 ஆயிரத்து 250 பவுண். கழகத்தை முன்னேற்றப் பணம் வேண்டியிருந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நம் கழகம் ஒன்று அப்படிச் செய்வதை நான் விரும்பமாட்டேன். நம்மிடம் அந்த விலைக்கு வாங்க யாரும் வரப்போவதில்லை. வருகிறவர்கள் பித்தளைக்கும் வெள்ளிக்கும் நிறை போட்டு வாங்குகிற பழைய இரும்புக்காரர்கள்தான். கிண்ணங்கள் அப்படிப் போயிருக்கின்றன.

எனவே நான் எந்த வீட்டிலும் பொருளை விலைக்குக் கேட்பதில்லை, அன்பளிப்பாகவும் கேட்பதில்லை. பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கேயே வைத்துப் பிரதி எடுக்கிறேன், அதன் கதையை ஒலிப்பதிவு செய்கிறேன். கழகம் ஒரு காட்சிக்காகப் பொருளை வாங்கினால், என்ன பொருள், எந்த நிலையில், எத்தனை நாளைக்கு, திருப்பிக் கொடுக்கப் பொறுப்பானவர் யார் என்று இரண்டு பிரதியில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒன்றைக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். ஒரே ஊர், சொந்தக்காரர், இதற்கெல்லாம் பற்றுச்சீட்டா என்று கூச்சப்படுவோம். கோஷ்ட பாலின் குடும்பத்தையும் அந்தக் கழகத்தையும்விட நெருக்கமான உறவு எது? நிர்வாகம் மாறும்போது வாய்ப்பேச்சும் மாறிவிடும். எழுத்து மாறாது.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். படங்களை லமினேட் செய்யாதீர்கள், பிறகு எந்த வைத்தியமும் செய்ய முடியாது. பசை தடவிய பக்கங்கள் கொண்ட அல்பங்களில் ஒட்டாதீர்கள். கிழிந்ததைச் செலோ டேப்பால் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பழுப்புக் கறை இறங்கும். ஸ்டேப்பிள் பின், குண்டூசி எல்லாவற்றையும் கழற்றி எறியுங்கள். நம் உப்புக் காற்றில் அவை துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். படத்தின் பின்னால் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் சுவரில் முட்டிய அலுமாரிதான் பிடித்த இடம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கைத்தொலைபேசியால் எடுத்த படம் இல்லாததைவிட மேல், ஆனாலும் முடிந்தால் ஸ்கேன் செய்யுங்கள். குழுப் படத்தை அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் செய்தால் பந்தில் எழுதிய ஆண்டும் தெளிவாகத் தெரியும்.

தாளை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறோம். எனக்கு இன்னும் பெரிய பயம் கடந்த பதினைந்து ஆண்டுகளைப் பற்றியது. 2019 மார்ச்சில் கொழும்பு எப்.சி. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்புக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் சென்னையின் எப்.சி.யோடு மோதியது. கொழும்பில் கோல் இல்லாமல் சமநிலை, அகமதாபாத்தில் ஒரே கோலால் தோல்வி. 2021 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் லெபனானுக்கு எதிராக இலங்கை 2–3 என்று தோற்றது. அந்த இரண்டு கோலையும் அடித்தவர் பெர்லினில் வளர்ந்த வசீம் ராசீக். இந்த ஆட்டங்களை நம் பிள்ளைகள் தொலைபேசியில் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அந்தத் தொலைபேசிகள் இன்றைக்கு எங்கே? நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளும் இதே கதைதான். 1973ஆம் ஆண்டின் படம் நம்மிடம் இருக்கிறது, 2013ஆம் ஆண்டின் படம் பழுதான தொலைபேசியோடு போய்விட்டது. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் கழகம் பத்துப் படங்களையாவது தெரிவு செய்து, பெயரெழுதி, அச்சிட்டு வைக்க வேண்டும். ஸ்டூடியோவில் அச்சிடும் செலவு ஒரு பந்தின் விலைகூட வராது.

வீட்டுக்கு வெளியே தேட வேண்டிய இடங்களும் உண்டு. வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வருகின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். ஊர் நிருபர்கள் அனுப்பிய நாலு வரிச் செய்தியில் இரண்டு அணியின் பெயரும் கோல் கணக்கும் மத்தியஸ்தர் பெயரும் இருக்கும். படத்தில் உள்ள ஆண்டை வைத்துக்கொண்டு பெருநாள் வந்த மாதத்தைக் கண்டுபிடித்து, அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பார்த்தால் தேடல் சுருங்கும். நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. பாடசாலை மலர்கள், பிரதேச மலர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கல்முனை ஸாஹிரா போன்ற பாடசாலைகளின் மலர்களை விளையாட்டுப் பக்கத்துக்காகவே ஒருமுறை புரட்ட வேண்டும்.

சில தடயங்கள் கடலுக்கு அப்பால் கிடக்கின்றன. இலங்கையின் பக்கீர் அலி 1980களில் டாக்காவின் ஆபஹானி கழகத்துக்காகப் பல பருவங்கள் ஆடினார். பின்னர் 2018இல் நம் தேசிய அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். அவர் உச்சத்தில் இருந்த காலத்தின் படங்களையும் செய்திகளையும் தேடுகிறவன் வங்காளப் பத்திரிகைகளுக்குத்தான் போக வேண்டும். 1995இல் கொழும்பில் இந்தியாவை ஒற்றைக் கோலால் வென்று நாம் தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கினோம். அந்த மாலையின் படங்கள் இந்தியப் பத்திரிகைக் களஞ்சியங்களிலும் இருக்கக்கூடும். தோற்ற அணியின் ஊரிலும் தேட வேண்டும் என்பதை இந்த வேலை எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. நம் ஊர்களுக்கும் இது பொருந்தும். நிந்தவூர் அணி வென்ற இறுதிப் போட்டியின் நோட்டீஸ், தோற்ற அக்கரைப்பற்று அணிக்காரர் வீட்டில் இருக்கலாம்.

இனி, நான் தேடுகிறவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1980க்கு முந்திய சுற்றுப்போட்டி நோட்டீஸ்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி. வார் கட்டிய தோல் பந்து ஒன்று, காற்றில்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துப் படமெடுத்தால் போதும். உள்ளூர்த் தறியில் நெய்த ஜேர்சித் துணி. கூட்டறிக்கைப் புத்தகங்கள், அதிலே சண்டை சச்சரவு எழுதியிருக்கிறது என்று மறைக்க வேண்டாம், அந்தப் பக்கங்களைக் குடும்பமும் கழகமும் சம்மதிக்காமல் யாருக்கும் காட்டமாட்டேன். மைதானத்தில் ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை சொன்னவர்களின் குரல் பதிந்த கசெட் எங்காவது இருந்தால் அது எனக்குப் பெரிய புதையல்.

பின்வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஸ்கேனர் இருக்கிறது, இரண்டு மாணவிகளும் ஒரு மாணவரும் இருக்கிறார்கள். படம் கொண்டுவந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். படம் உங்கள் கண்ணைவிட்டு விலகாது, பத்து நிமிடத்தில் கையில் வந்துவிடும். பெயர் எழுதும் தாளை நிரப்பாமல் மட்டும் எழும்பிப் போகவேண்டாம். மருதமுனையிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும், ஆகவே அவர்களுடைய படங்களை முதலில் எடுப்போம். ஒலுவில்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.